எல்எம்2596 மாட்யூல்: வாங்கலாம், ஆனால் பிரீசெட்டைக் கழற்றிவிட்டுப் பொருத்துங்கள்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட் எடுக்க வேண்டிய வேலை கடலூர், புதுச்சேரி கரையோரத்தில் எங்கு திரும்பினாலும் இருக்கிறது. தேங்காய்த்திட்டிலும் கடலூர் முதுநகரிலும் நிற்கும் படகுகளில் ஜிபிஎஸ்ஸும் போன் சார்ஜரும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் மோட்டாரை செல்போனிலேயே போட்டு நிறுத்தும் பெட்டிகள் வந்துவிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபின் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. அதனால் சோலார் பேனலும் பேட்டரியும் வைத்திருக்கும் வீடுகளும் குறைவில்லை. இதற்கெல்லாம் கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது நீல நிறத்தில் ஒரு சின்னப் பலகை: எல்எம்2596 பக் மாட்யூல், அதாவது வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் மாட்யூல். நீளம் 43 மி.மீ., அகலம் 21 மி.மீ. விலை கடைக்குக் கடை மாறும். ஐம்பது, அறுபது ரூபாயை ஒட்டி இருக்கும்.

இந்த விலைக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அபூர்வம். ஆனால் இது முழு பவர் சப்ளை அல்ல, அதில் பாதிதான். மீதிப் பாதியை நாம்தான் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் நேரடியாக வயரைச் சால்டர் செய்து ஓடவிட்டால், முதல் மழைக்காலத்துக்குள் மாட்யூலோடு சேர்ந்து அது மின்சாரம் கொடுக்கும் போர்டும் போக வாய்ப்பு அதிகம்.

முதலில் பலகையில் இருப்பதைப் பார்ப்போம். ஐந்து கால் உள்ள கறுப்பு ஐசிதான் எல்எம்2596. நேஷனல் செமிகண்டக்டர் உருவாக்கியது. 2011ல் அந்தக் கம்பெனியை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. ஒன்றாம் கால் இன்புட், இரண்டு அவுட்புட், மூன்று கிரவுண்ட், நான்கு ஃபீட்பேக் (அவுட்புட் வோல்டேஜைக் கவனிக்கும் கால்), ஐந்து ஆன்-ஆஃப். பக்கத்தில் 330 என்றோ 470 என்றோ எழுதிய காயில்: 330 என்றால் 33 மைக்ரோ ஹென்றி, 470 என்றால் 47. எஸ்எஸ்34 அல்லது எஸ்எஸ்54 ஷாட்கி டயோடு. இன்புட்டில் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், அவுட்புட்டில் 220. அப்புறம் தலையில் பித்தளைத் திருகுள்ள 10 கிலோஓம் பிரீசெட் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்), அதன் அருகே 331 என்று எழுதிய பொடி ரெசிஸ்டர், அதாவது 330 ஓம். இந்தக் கடைசி இரண்டும்தான் அவுட்புட் வோல்டேஜைத் தீர்மானிக்கின்றன.

டேட்டாஷீட் சொல்வது: இன்புட் 40 வோல்ட் வரை, அவுட்புட் 3 ஆம்பியர், சுவிட்ச்சிங் வேகம் (ஐசியின் உள்ளே இருக்கும் சுவிட்ச் ஆன்-ஆஃப் ஆகும் வேகம்) 150 கிலோஹெர்ட்ஸ். இது அசல் ஐசிக்கு. அசல் எல்எம்2596 ஒன்றைத் தனியாக வாங்கினாலே இந்த மாட்யூலின் விலையைத் தாண்டிவிடும். அப்படியானால் மாட்யூலில் இருப்பது பெரும்பாலும் நகல் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. நகல்களில் நிறைய ஐசிகள் 50 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் ஓடுகின்றன. பழைய எல்எம்2576ன் வேகம் அது. இரண்டாம் காலில் ஆஸிலோஸ்கோப்பை வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்கோப் இல்லாதவர்கள், ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் அரை ஆம்பியர் லோடு கொடுத்து அதே காலில் பார்க்கலாம்.

வேகம் குறைந்தால் என்ன கெட்டுப்போகிறது? 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது, 33 மைக்ரோ ஹென்றி காயிலில் 150 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவு சுமார் 0.57 ஆம்பியர். 52 கிலோஹெர்ட்ஸில் அதே காயிலில் 1.6 ஆம்பியருக்கு மேல். அவுட்புட் கெப்பாசிட்டரின் இஎஸ்ஆர் (அதன் உள்தடை) 0.1 ஓம் என்று கொண்டால், முதலில் சொன்னதில் ரிப்பிள், அதாவது அவுட்புட் வோல்டேஜின் அலைவு, 57 மில்லிவோல்ட், இரண்டாவதில் 165. எல்இடி, ரிலே, விசிறி இவற்றுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எடை பார்க்கும் சென்சார், ஆடியோ, ரேடியோ என்றால் வேலை கெடும். அங்கே அவுட்புட்டில் 10 மைக்ரோ ஹென்றி காயில் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன்பின் 100 மைக்ரோ ஃபாரட் லோ இஎஸ்ஆர் கெப்பாசிட்டர் வையுங்கள். 150 கிலோஹெர்ட்ஸில் அந்தக் காயில் 9.4 ஓம் தடுக்கிறது, கெப்பாசிட்டர் 0.1 ஓம்தான். ரிப்பிள் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் நகலாக இருந்தாலும் முப்பதில் ஒரு பங்குக்குக் குறையும். மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சில் வைத்து "ரிப்பிளே இல்லை" என்று முடிவுக்கு வர வேண்டாம். சாதாரண மீட்டர் அந்த வேகத்தைப் பார்க்காது.

இனி தலைப்பில் சொன்ன விஷயம். மாட்யூலின் பெரிய பலவீனம் அந்த நீலப் பிரீசெட்தான்.

அவுட்புட் வோல்டேஜ் = 1.23 × (1 + பிரீசெட் ÷ 330). பிரீசெட் முழுதாக 10 கிலோஓமில் நின்றால் கணக்குப்படி 38 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். புது மாட்யூல்கள் பெரும்பாலும் மேல் பக்கமாகவே திருகி வருகின்றன. 12 வோல்ட் கொடுத்தால் மீட்டர் 11 வோல்ட் சொச்சத்தில் அசையாமல் நிற்கும். பிரீசெட் 25 சுற்று, ஒரு சுற்றுக்கு 400 ஓம், வோல்டேஜில் ஏறக்குறைய ஒன்றரை. 10 கிலோஓமிலிருந்து 2.6 கிலோஓம் வரை இறங்கினால்தான் அவுட்புட் 11க்குக் கீழே வரத் தொடங்கும். அதாவது முதல் பதினெட்டு சுற்று வரை எதுவுமே நடக்காது. இங்கேதான் பலர் "மாட்யூல் டெட்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். பொறுமையாக இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வந்தால் அதற்கப்புறம் நான்கு சுற்றில் 5 வோல்ட் வந்துவிடும். சில மாட்யூல்களில் திசை மாறியிருக்கும். அதனால் கண் மீட்டரில் இருக்கட்டும், லோடு மாட்டியிருக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பிரீசெட்டின் உள்ளே நடப்பதை யோசியுங்கள். அவுட்புட்டுக்கும் ஃபீட்பேக் காலுக்கும் நடுவே அது உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நகரும் தொடுமுனை ஒரு கணம் தொடர்பை விட்டாலும், ஃபீட்பேக் காலை 330 ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். ஐசி "அவுட்புட்டே இல்லை" என்று எடுத்துக்கொண்டு சுவிட்சை முழு நேரமும் ஆனில் வைத்துவிடும். 5 வோல்ட் போர்டில் 11 வோல்ட் போய் விழும். போர்டு போவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். உப்புக் காற்றில் ஆறு மாதம் திறந்து கிடந்த மாட்யூலின் திருகுத் தலையை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பித்தளை பச்சை பூத்திருக்கும், தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். மலிவான பிரீசெட்டில் அந்த ஈரம் உள்ளேயும் போகிறது. படகு எஞ்சினின் அதிர்வும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. திருகின்மேல் நகப்பூச்சு தடவினால் திருகு சுழலாது, அவ்வளவுதான். உள்ளே தொடர்பு விடுவதை அது தடுக்காது.

எனவே பிரீசெட்டைக் கழற்றுங்கள். சால்டரிங் அயர்னையும் ஈயம் உறிஞ்சியையும் கொண்டு மூன்று கால்களையும் விடுவித்து எடுத்தபின், மீட்டரை பீப் ஒலிக்கும் ரேஞ்சில் வையுங்கள். மூன்று துளைகளில் எது அவுட்புட் பிளஸ்ஸோடும், எது ஐசியின் நான்காம் காலோடும் பேசுகிறது என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர். 5 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் போட்டால் 4.96 வரும். ராஸ்பெர்ரி பை போல கொஞ்சம் கூடுதல் கேட்கும் போர்டுக்கு அதோடு 33 ஓமைத் தொடராகச் சேர்த்தால் 5.08. 3.3 வோல்ட்டுக்கு 560 ஓம், வருவது 3.32. சிம்800எல் மாதிரியான ஜிஎஸ்எம் மாட்யூல் 3.4க்கும் 4.4க்கும் இடையில்தான் வாழும். அதற்கு 750 ஓம், வருவது 4.03. 24 வோல்ட்டிலிருந்து 12 எடுக்க 2.7 கிலோஓமும் 180 ஓமும் தொடராக, வருவது 11.96. போட்டு முடித்ததும் லோடு மாட்டாமல் ஒருமுறை அளந்து பாருங்கள். பலகையில் இருக்கும் பொடி ரெசிஸ்டர் 330 அல்லாமல் வேறு மதிப்பாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதன்மேல் 331 என்று இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 3 ஆம்பியர் என்ற பேச்சு. மாட்யூலின் விளம்பரத்தில் 3 என்றுதான் போட்டிருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட், 2 ஆம்பியர் எடுத்தால் ஐசியில் மட்டும் 1.1 வாட் சூடாக வீணாகிறது. இவ்வளவு சின்னச் செம்புப் பரப்பில் ஒரு வாட்டுக்கு 50 டிகிரி ஏறும். ஐசியின் உள்ளே 110 டிகிரி. எல்லை 125. 3 ஆம்பியர் எடுத்தால் 140ஐத் தாண்டும். கொஞ்ச நேரத்தில் ஐசி தன்னைத் தானே அணைத்துக்கொண்டு, ஆறியதும் மறுபடி எழும். போர்டு விட்டு விட்டு ரீசெட் ஆகிறது என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இதுதான். டயோடின் சூடும் அதே பலகையில்தான் இறங்குகிறது. ஆகவே மூடிய பெட்டிக்குள் ஒன்றரை ஆம்பியர், காற்றோட்டமான இடத்தில் 2 ஆம்பியர். அதற்கு மேல் வேண்டுமானால் எக்ஸ்எல்4015 மாட்யூலுக்குப் போய்விடுங்கள். அதன் ஐசி 5 ஆம்பியருக்கானது, இன்புட் 36 வோல்ட் வரை.

கடலூர் சிப்காட் பக்கம் பேனல் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். 24 வோல்ட்டிலிருந்து 5 எடுக்கும்போது சூடு இடம் மாறுகிறது. சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரம் கால் பங்குக்கும் குறைவு. மீதி முக்கால் பங்கு நேரமும் மின்னோட்டம் டயோடு வழியாகத்தான் ஓடுகிறது. 2 ஆம்பியரில் டயோடு முக்கால் வாட் தின்னும். ஐசியின் முதுகில் சின்ன அலுமினிய ஹீட் சிங்க் ஒட்டி "சரி" என்று விட்டால் டயோடு கருகும். பொதுவாகவே ஐசியின் பிளாஸ்டிக் முதுகில் ஒட்டுவதால் பயன் கொஞ்சம்தான். சூடு இறங்குவது கீழே, உலோக நாக்கின் வழியாகப் பலகைக்குள். பலகையின் அடிப்பக்கத்துக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே சிலிக்கான் தெர்மல் பேட் வைத்து இறுக்குவதுதான் சரியான வழி. அடிப்பக்கச் செம்பு கிரவுண்ட். பேட் கிழிந்தால் பெட்டியே பேட்டரி நெகட்டிவ் ஆகிவிடும். வயர் கால்கள் துருத்திக்கொண்டிருந்தால் முதலில் வெட்டிவிடுங்கள்.

இன்புட் பக்கம் மாட்யூலில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பிளஸ் மைனஸ் மாறினால் அந்த நிமிடமே ஐசி போகும். கெப்பாசிட்டரும் வெடிக்கலாம். தேவையானவை: பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃப்யூஸ், அதற்கடுத்து 1என்5822 ஷாட்கி டயோடு தொடராக. 5 வோல்ட் 2 ஆம்பியர் எடுக்கும்போது இன்புட்டில் ஓடுவது ஒரு ஆம்பியரை ஒட்டித்தான், டயோடில் போவது 0.4 வாட். அந்த இழப்பும் வேண்டாம் என்றால் ஐஆர்எஃப்9540 பி-சேனல் மாஸ்ஃபெட்டைப் போடலாம். ஆனால் அதன் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 20 வோல்ட்தான் தாங்கும். 24 வோல்ட் லைன் என்றால் 12 வோல்ட் ஜீனரும் 10 கிலோஓம் ரெசிஸ்டரும் இல்லாமல் போடாதீர்கள்.

டயோடுக்கு அப்புறம், மாட்யூலின் இன்புட் முனையில் ஒரு டிவிஎஸ் (திடீரென எகிறும் வோல்டேஜை, அதாவது ஸ்பைக்கை, உறிஞ்சும் டயோடு). 12 வோல்ட் லைனுக்கு எஸ்எம்பிஜே18ஏ, 24 வோல்ட் லைனுக்கு எஸ்எம்பிஜே26ஏ. முதலாவது 29 வோல்ட்டிலும் இரண்டாவது 42 வோல்ட்டிலும் ஸ்பைக்கைப் பிடித்து நிறுத்தும். 24 வோல்ட்டுக்கு இது விளிம்பில்தான் இருக்கிறது. ஐசி ஒரு கணம் 45 வோல்ட் வரை தாங்கும், எஸ்எஸ்34 டயோடோ 40 வோல்ட்டுக்கானது. 24 வோல்ட் லைனில் மோட்டாரோ பெரிய ரிலேயோ இருந்தால் டயோடை எஸ்எஸ்56க்கு மாற்றுவது நல்லது. அது 60 வோல்ட். சோலார் பேனலை நேரடியாக இன்புட்டில் கொடுப்பவர்கள் பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜைப் படியுங்கள். 36 செல் பேனல் 22 வோல்ட்டுக்குள் நிற்கும், பிரச்சினை இல்லை. 72 செல் பேனல் 44 வோல்ட்டை ஒட்டிப் போகும். அதற்கு இந்த மாட்யூல் ஆகவே ஆகாது.

இன்புட் கெப்பாசிட்டரையும் நம்ப வேண்டாம். பக் கன்வெர்ட்டரின் இன்புட் கெப்பாசிட்டர் வழியாக லோடு மின்னோட்டத்தில் ஏறக்குறைய பாதி அளவு ரிப்பிள் ஓடும். 2 ஆம்பியருக்கு 1 ஆம்பியர். மாட்யூலில் இருக்கும் அந்தக் குட்டி 100 மைக்ரோ ஃபாரட் சில நூறு மில்லி ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. தினமும் சூடேறி ஒரு கோடையில் வறண்டுவிடும். தலை லேசாக மேடு தட்டியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். இன்புட் முனைகளிலேயே 470 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் சுமை பகிர்ந்துகொள்ளப்படும். கால்களைக் குட்டையாக வெட்டுங்கள்; பத்து சென்டிமீட்டர் வயரின் நுனியில் தொங்கவிட்டால் வைத்ததற்குப் பலன் இல்லை.

அவுட்புட்டில் 5 வோல்ட்டுக்கு பி6கேஇ6.8ஏ டிவிஎஸ் ஒன்று வையுங்கள். ஐசி சாகும்போது பெரும்பாலும் சுவிட்ச் ஷார்ட் ஆகித்தான் சாகிறது. பேட்டரியின் 12 வோல்ட் காயில் வழியாக அப்படியே லோடுக்கு வரும். டிவிஎஸ் அதைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் இருக்கும் ஃப்யூஸ் அறுந்துவிடும். எல்லாச் சமயத்திலும் போர்டைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் இது இல்லாத இடத்தில் போர்டு தப்பவே வழியில்லை. ஜிஎஸ்எம் மாட்யூலாக இருந்தால் அதன் காலடியிலேயே 1000 மைக்ரோ ஃபாரட்டும் 100 நானோ ஃபாரட் செராமிக்கும் வேண்டும். அது 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை அரை மில்லி விநாடி நேரம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயர் மெலிந்திருந்தால் அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிந்து நெட்வொர்க் அறுந்து அறுந்து வரும்.

வயர் என்றதும் படகுக்காரர்கள் அடிக்கடி செய்வது ஒன்று: மாட்யூலைப் பேட்டரிப் பெட்டியிலேயே வைத்து, 5 வோல்ட்டைப் பத்து மீட்டர் இழுத்துக்கொண்டு போவது. ஒரு சதுர மி.மீ. வயர் போக வர இருபது மீட்டர், 0.34 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் போய்விடும். போனுக்குக் கிடைப்பது 4.3, சார்ஜே ஏறாது. 12 வோல்ட்டாக இழுத்து, மாட்யூலைக் கருவியின் பக்கத்தில் வையுங்கள். அப்போது வயரில் ஓடுவது ஒரு ஆம்பியர், போவது 0.35 வோல்ட், அதையும் மாட்யூல் சரிசெய்துகொள்ளும். ஃப்யூஸ் மட்டும் பேட்டரிப் பக்கமே இருக்கட்டும்.

சும்மா இருக்கும்போதும் மாட்யூல் 5 மில்லி ஆம்பியரை ஒட்டிக் குடிக்கும், பவர் எல்இடி தனி. 7 ஆம்பியர்-அவர் பேட்டரியை இரண்டு மாதத்துக்குள் காலி செய்ய இதுவே போதும். ஐந்தாம் காலைப் பலகையிலிருந்து தூக்கி, அதற்கு 3.3 அல்லது 5 வோல்ட் கொடுத்தால் ஐசி தூங்கும், 80 மைக்ரோ ஆம்பியரில் நிற்கும். கிரவுண்டுக்கு இறக்கினால் விழிக்கும்.

இந்த மாட்யூலில் செய்யக் கூடாதவையும் உண்டு. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நிலையான 12 வோல்ட் வராது; இன்புட் எப்போதும் அவுட்புட்டைவிட 2 வோல்ட்டாவது மேலே இருக்க வேண்டும். இரண்டு மாட்யூலை இணையாகக் கட்டி 6 ஆம்பியர் எடுக்க முடியாது. ஒன்று முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டு சூடாகும், மற்றது சும்மா நிற்கும். பேட்டரி சார்ஜ் செய்யவும் வேண்டாம், மின்னோட்டத்தை நாம் வரையறுக்க இதில் வழியில்லை. அதற்கு இரண்டு பிரீசெட் உள்ள எக்ஸ்எல்4015 மாட்யூல் கேளுங்கள். இடம் சின்னது, ஒரு ஆம்பியருக்குள் போதும், இன்புட் 24 வோல்ட்டைத் தாண்டாது என்றால் எம்பி1584 குட்டி மாட்யூல் இன்னும் குளிர்ச்சியாக ஓடும். 50 மில்லி ஆம்பியர்தான் வேண்டும் என்றால் பழைய 7805 போதும், ரிப்பிள் தொல்லையும் இல்லை.

எல்லாம் கட்டியபின் சோதிக்க 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைப் போதுமான வயரோடு மாட்டுங்கள்; ஒரு ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். பெட்டியை மூடி அரை மணி நேரம் வெயிலில் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் சரிந்திருந்தால் சால்டரையும் வயரையும் மறுபடி பாருங்கள். எல்லாம் சரியென்றால், பலகையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்து ஃப்ளக்ஸை (சால்டர் செய்தபின் ஒட்டிக்கிடக்கும் பசை) எடுத்து, ஒரு மணி நேரம் காயவிட்டு, ஈரம் புகாமல் காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங்கை இரண்டு முறை மெல்லியதாக அடியுங்கள். ஃப்ளக்ஸின் மேலேயே அடித்தால் ஈரம் அடியில் சிக்கிக்கொண்டு செம்பை அரிக்கும். ஐசியின் கால்களுக்கு இடையிலும், புதிதாகப் போட்ட ரெசிஸ்டரின் சால்டர் மேலும் கோட்டிங் ஏறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வயர் முனைகளை எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமாக வெளியே எடுங்கள். மேலிருந்து எடுத்தால் மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து உள்ளே போகும்.